ஒரு சுரம் தாழ்ந்த பெட்டி

கைகள் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்துக்கொண்டு போயின. கடைசித் திருகாணியும் வந்ததும் ஆர்மோனியத்தின் மேல்பலகை தளர்ந்தது. அதைச் சாய்த்து எடுத்து, தூரிகையால் உள்ளே இருந்த தூசியைத் தள்ளின. பித்தளை ரீடுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு நாக்கு. காற்று பட்டால் ஒவ்வொன்றும் தன் சுரத்தைச் சொல்லும். தூரிகை எந்த நாக்கையும் உரசாமல் இடுக்குகளில் மட்டும் போய் வந்தது.

"துருத்தி ஓட்டையா அக்கா?" என்றார் பெட்டியைக் கொண்டுவந்தவர்.

"பொறுங்க தம்பி. முதல்ல கேக்கணும். அப்புறம்தான் கை வைக்கணும்."

அது அவள் சொந்த வார்த்தை அல்ல. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் சொன்னது: முதல்ல கேளு, அப்புறம் வாயைத் திற. பெட்டியும் அந்த டீச்சருடையதுதான். மூடியில் சூடான டம்ளர் வைத்து விழுந்த வெள்ளை வளையத்தைப் பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் டீச்சரின் மகன். அவள் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை.

"அம்மாவுக்கு இப்ப ஆள் அடையாளமே தெரியறதில்ல அக்கா. என்னையே 'கேஸ் கொண்டு வந்தவரா, உள்ள வைங்க'ன்னு சொல்றாங்க. ஆனா இந்தப் பெட்டில கை வச்சா ஒரு பாட்டு மட்டும் அப்படியே வரும். பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்த பாட்டு. ஒரு வாரமா காத்து நிக்கல. பாட்டு நின்னுபோச்சு, கூடவே சாப்பாடும் நின்னுபோச்சு."

"இதுக்கு முன்னாடி யாராவது திறந்திருக்காங்களா?"

"யாரையும் தொட விடமாட்டாங்க. தாத்தா ஒருத்தர்தான் திறந்திருக்காரு, அம்மா வேலைக்குச் சேரறதுக்கு முன்னாடி. அவரு பூட்டு ரிப்பேர் பண்றவரு. ஏதோ ஒரு கட்டை கரகரங்குதுன்னு அரத்தை எடுத்துத் தேய்ச்சுட்டாராம். கேட்டா, 'எல்லாம் பூட்டு மாதிரிதான் போ'ன்னாராம்." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பாட்டு வகுப்பில் அவள் முன் வரிசை. குள்ளமானவர்களை முன்னால் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு சேர்ந்திசை. ஒத்திகையில் ஒரே இடத்தில் டீச்சர் மறுபடி மறுபடி பாட்டை நிறுத்தினார். வரிசை வரிசையாகப் பாடவிட்டுப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவர் வாயருகிலும் காதை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். அவளிடம் வந்ததும் நின்றார். திட்டவில்லை. கன்னத்தைத் தட்டி, "நீ மட்டும் தனியா எங்கயோ போற கண்ணு. நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம். யாருக்கும் தெரியாது" என்றார். குரலில் அத்தனை அன்பு. திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து அழுது தீர்த்திருப்பாள். அன்பாகச் சொன்னதை என்ன செய்வது? கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து வாயை மட்டும்தான் அசைத்தாள். கல்யாண வீடுகளில், பள்ளியின் காலைக் கூட்டங்களில், பிறந்தநாள் கேக்குகளைச் சுற்றி நின்றவர்களோடு. யாருக்கும் தெரியவில்லை. மகளுக்கு மட்டும் தெரிந்தது. தன் பிறந்தநாளன்று அந்தக் குட்டி, ஒரு நாற்காலி மேல் ஏறி அம்மாவின் வாயில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்குச் சத்தமே வரல!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். மகளுக்குத் தாலாட்டெல்லாம் அப்பாவின் பொறுப்பு. அவர் கடையின் முன்பாதியில் மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் ரிப்பேர் பார்க்கிறவர். சுருதி என்றால் வீசை என்ன விலை என்று கேட்பார். அவர் பாட ஆரம்பித்தால் அதை நிறுத்துவதற்காகவே குழந்தை தூங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தில் கேலி. அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

பாட்டுப் போனதே தவிர காது போகவில்லை. யாரோ விட்டுப்போன உடைந்த பெட்டியைத் திறந்து பார்த்துத் தானாகவே தொழிலைக் கற்றுக்கொண்டாள். இந்தத் தொழிலில் மற்றவர்கள் சுரத்தை முனகிப் பிடித்துக்கொண்டு ரீடைத் தேய்ப்பார்கள். இவள் முனகுவதில்லை. ஒரே சுரத்தில் அதிரும் சுருதிக்கவையைத் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொள்வாள். ஊமைப் பெட்டிக்காரி என்று பெயர் வைத்தவர்கள்கூட வேலை என்று வந்தால் இவளிடம்தான் வந்தார்கள்.

துருத்தியின் மடிப்பில் தோல் வெடித்திருந்தது. பழையதை உரித்து, புதுத் தோலை ஒட்டி, பசை இறுகும்வரை கனத்த இஸ்திரிப் பெட்டி ஒன்றை மேலே ஏற்றி வைத்தாள். காய்ந்த பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ச நின்றது. ரி நின்றது. க நின்றது. ம தாழ்ந்து விழுந்தது. கொஞ்சம்தான். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவளுக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது.

ரீடைக் கழற்றி விளக்கருகில் பிடித்தாள். நுனியைத் தேய்த்தால் சுரம் ஏறும், அடியைத் தேய்த்தால் இறங்கும். இதன் அடியில் குறுக்கும் நெடுக்குமாக அரத்தின் கீறல்கள். புதுக் கீறல் பளபளக்கும். இவை மற்றப் பித்தளையோடு சேர்ந்து கறுத்துக் கிடந்தன. பூட்டுக்காரத் தாத்தாவின் கை.

ரீடைத் திரும்பப் பொருத்தி அந்த ஆண்டுவிழாப் பாட்டை வாசித்தாள். டீச்சர் நிறுத்திய இடம் வந்தது. க-விலிருந்து ஏறும்போது காது தானாகப் போய்த் தேடுகிற இடம் ஒன்று, பெட்டி போய் உட்கார்ந்த இடம் வேறொன்று. வகுப்பு முழுக்கப் பெட்டியோடு போயிருந்தது. அவள் மட்டும் போகவில்லை.

அவள் துருத்தியிலிருந்து கையை எடுத்தாள். முன்பக்கத்திலிருந்து கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார்.

சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் போட்டார்.

"போய்ச் சொல்லிட்டு வா. இப்பவே. இல்ல நான் போறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"தப்பு பெட்டிமேலன்னு. எம் பொண்டாட்டி மேல இல்லன்னு."

"அவங்களுக்கு மகனையே தெரியல."

"அதுக்காக?" என்றபடி முன்பக்கத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் அங்கே எதையோ தேவைக்கு மேல் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

தாழ்ந்த ரீடோடு எந்தப் பெட்டியும் அவள் கடையை விட்டுப் போனதில்லை. நுனியில் மெல்ல இழைத்தாள். ம ஏறிவந்து தன் இடத்தில் நின்றது. அதை அழுத்திப் பிடித்தபடி துருத்தியில் காற்று தீரும்வரை கேட்டாள். இந்தச் சுரத்தைத்தான் அவள் சின்ன வயதில் பாடியிருக்கிறாள். மகளுக்கும் பாடியிருக்கலாம்.

மறுநாள் மகன் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். கையில் பெட்டி இல்லை.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா அம்மா ஒரே இடத்துக்கு வந்து நின்னுடறாங்க. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கிறாங்க, திரும்ப அங்கயே நிக்கறாங்க. 'என் பெட்டியை யாரோ மாத்திட்டாங்க'ன்னு அழறாங்க. நேத்து முழுக்க ஒரு வாய் தண்ணி இறங்கல."

"இப்பதான் தம்பி சரியா இருக்கு."

"இருக்கும் அக்கா. அவங்களுக்குப் பழசு மாதிரி வேணுமாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

தான் தவறிப் பாடவில்லை என்று சொல்ல அவளுக்கு இருந்த ஒரே சாட்சி, இப்போது சரியான ம-வில் நிற்கிற அந்தப் பித்தளைத் துண்டு. அதை அவளே தேய்த்து அழிக்க வேண்டும் என்று கேட்கிறார், கேட்பது இன்னதென்று தெரியாமலே. முன்பக்கத்திலிருந்து கணவர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் அரத்தையும் திருப்புளியையும் துணியில் சுற்றினாள்.

"வாங்க, போலாம்."

"உனக்குப் பைத்தியந்தான்" என்றார் கணவர். சொல்லிவிட்டு, சுருதிக்கவையை அவரே எடுத்து நீட்டினார்.

"அது வேண்டாங்க. அதால இதை அளக்க முடியாது."

டீச்சரின் அறையில் ஒரு கட்டில், ஜன்னலோரம் மருந்துப் பாட்டில்கள், ஆறிப்போன கஞ்சிக் கிண்ணம். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். உடம்பு பாதியாகியிருந்தது. நகங்கள் மட்டும் அன்று போலவே ஒட்ட வெட்டியிருந்தன. பெட்டி கட்டிலின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது.

"யாரு?"

"பெட்டி சரி பண்றவங்கம்மா" என்றார் மகன்.

"என் பெட்டி காணோம்."

"இதோ குடுத்துடறேன் டீச்சர்." அவள் தரையில் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

"டீச்சருங்கறியே. என்கிட்ட படிச்சியா?"

"ஆமா டீச்சர்."

"எந்த வரிசைல நிப்ப?"

"முன் வரிசை."

"அப்ப நல்லாப் பாடியிருப்ப. நல்லாப் பாடற பிள்ளைங்களைத்தான் முன்னாடி நிறுத்துவேன்." டீச்சரின் முகத்தில் மலர்ச்சி வந்தது. "இப்பவும் பாடறியா?"

அவள் ரீடைக் கையில் எடுத்தாள். சொல்லிவிடலாம். இன்னொரு வாய்ப்பு வரப்போவதில்லை. டீச்சர் பதிலுக்காக வாயைக் கொஞ்சம் திறந்தபடி, குழந்தை மாதிரிக் காத்துக்கொண்டிருந்தார்.

"கை வேலைக்கே சரியா இருக்கு டீச்சர். நேரமில்ல."

"அப்படி விடக்கூடாது. சாமி குடுத்த குரல்."

"சரிங்க டீச்சர்."

ரீடின் அடியில், தாத்தாவின் கீறல்கள் இருந்த அதே இடத்தில் அரத்தை வைத்தாள். எவ்வளவு இறக்க வேண்டும் என்று எந்தக் கருவியும் சொல்லாது. அந்தத் தாழ்ந்த சுரம் இரண்டு பேர் தலைக்குள்தான் மிச்சம் இருந்தது. ஒருவர் அதைச் சரியென்று வைத்திருந்தார். மற்றவள் அதோடு சேர முடியாமல் வாய்மூடிப் போனவள். சேராமல் போன இடம் எது என்று அவளுக்கு மயிரிழை பிசகாமல் தெரியும். தேய்த்தாள், பொருத்தினாள், கேட்டாள். மறுபடி கழற்றித் தேய்த்தாள். இரண்டு பக்கமும் மெலிந்துபோன ரீடு வெகுநாள் தாங்காது. தாங்கவேண்டிய நாட்களும் அதிகம் இருக்காது என்று டீச்சரின் கைகளைப் பார்த்தபோது தோன்றியது.

மூன்றாம் முறை அழுத்தியபோது ம சரிந்து போய் விழுந்தது. டீச்சர் தலையைத் தூக்கினார்.

"அது! அதுதான்."

"ஆமா டீச்சர். அதுதான்."

மேல்பலகையை மூடித் திருகாணிகளை முடுக்கினாள். கட்டைகள் மேலிருந்த பித்தளைத் துகளைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மகன் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்று சொல்லித் தானே பெட்டியைத் தூக்கி டீச்சரின் மடியில் வைத்து, ஒரு கையைத் துருத்தியிலும் மறு கையைக் கட்டைகளிலும் எடுத்து வைத்தாள்.

"இந்தாங்க டீச்சர். உங்க பெட்டி."