கோழியா ஆடா என்று கேட்டவர், வேட்பாளரைப் பற்றிக் கேட்கவில்லை

இன்று காலை ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பிளாட்டில் குடியிருக்கும் கட்சிக் கிளைத் தலைவர், புது ஆள் ஒருவரோடு வந்தார்.

"அக்கா, இவர்தான் இந்தத் தடவை நம்ம வேட்பாளர். மறக்காம ஓட்டுப் போடுங்க லா."

புதியவர் கும்பிட்டார். கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாக்காரராம். இந்தச் சந்தைக்கு இன்றுதான் முதல் தடவை வருகிறாராம்.

"யாரு தம்பி இவரைத் தேர்ந்தெடுத்தது?"

"மேலிடம்க்கா."

"எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்க மெம்பர் இல்லையேக்கா. வெளியாளுங்கள விட்டா, எதிர்க்கட்சிக்காரன் வந்து வேணும்னே தோக்குற ஆளா பாத்து நிறுத்திடுவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீபாவளி விருந்துக்குக் கோழியா ஆடா என்று பிளாட் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தவரே இவர்தான். அன்றைக்கு யாரிடமும் உறுப்பினர் அட்டை கேட்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களும்தான் ஓட்டுப் போட்டார்கள். விருந்து நன்றாகத்தானே இருந்தது?

முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

"அது சாப்பாட்டு விஷயம்க்கா. இது வேற" என்று சிரித்தார்.

வேறுதான். கறி பிடிக்காவிட்டால் ஒரு வேளையோடு போயிற்று. ஆள் சரியில்லாவிட்டால் ஐந்து வருஷம் நாங்கள்தான் சகித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அதே குழுவில் நானும் ஓர் ஓட்டெடுப்பு வைத்தேன்: "வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்? கட்சியா, நாமா?"

குழுவின் அட்மினும் கிளைத் தலைவர்தான். மீனைக் கழுவி முடிப்பதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

நான் எழுதும் இந்தப் பக்கத்திலிருந்து அவரால் என்னை நீக்க முடியாது. ஆகவே இங்கே சொல்லுங்கள்: கட்சியா, நாமா?