தனகோடியின் மகளுக்குச் சளி

கம்பெனி சட்டையை வாசல் வாளியிலேயே முக்கிவிட்டுப் பின்பக்கம் ஓடி, சோப்பில் ஒரு குளியல், சீயக்காயில் ஒரு குளியல், எலுமிச்சம்பழத் தோலால் உடம்பெல்லாம் தேய்த்து மூன்றாவதாக ஒரு குளியல். அதோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. தலை ஈரம் காய்வதற்குள் தனகோடி தூபக்காலில் கொட்டாங்கச்சித் தணலைப் போட்டு, கை நிறையச் சாம்பிராணி தூவி, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் புகைக்கு நடுவே போய் நிற்பார். இரண்டு கையையும் நீட்டி இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. பிறகு தொட்டிலுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, பிறந்து பத்தொன்பது நாளான மகளை எட்டி எட்டிப் பார்ப்பார். பார்ப்பதோடு சரி, தொடமாட்டார்.

ஆம்பூர் தோல் கம்பெனி ஒன்றில் அவருக்குச் செலக்‌ஷன் வேலை. பதனிட்டு வந்த தோலை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று பிரித்துப் போடவேண்டும். பதினேழு வருஷமாக அதையே செய்து செய்து, கை சும்மா இருக்க மறந்துவிட்டது. ஜவுளிக்கடைச் சேலை, பந்தி வாழையிலை, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் முதுகு, எதைக் கண்டாலும் ஒரு தடவல், உடனே ஒரு தீர்ப்பு. "இது மூணாம் நம்பரு. கழுத்தாண்ட லூஸு." பெண் பார்க்க வந்த அன்று காப்பி டம்ளரைக்கூடத் தடவிப் பார்த்தார் என்று மனைவி எழிலரசி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஏழு வருஷம் தவம் கிடந்து பெற்ற மகளை நர்ஸ் இவர் கையில் கொடுத்ததும், பிஞ்சுக் குதிகாலைக் கட்டைவிரலால் வருடி, "நம்பர் ஒன். எக்ஸ்போர்ட்டு" என்றாராம் மனிதர். சொல்லிவிட்டு அங்கேயே அழுதும் இருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட கையைக் கட்டிப்போட்டது ஒரே ஒரு பேச்சு. குழந்தைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிய வெள்ளிக்கிழமை, பார்க்க வந்த குடியாத்தத்துப் பெரியம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஒம்மேல அடிக்கிற தோல் வாடதான் பச்சப்புள்ளைக்கு ஒத்துக்கல, தனகோடி" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்துபோய் நிற்பதை வருஷக்கணக்காகப் பார்த்தவராயிற்றே. கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டார்.

அன்றைக்கே டாக்டரிடமும் காட்டியாயிற்று. வெறும் சளிதான், நெஞ்சில் ஒன்றுமில்லை, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும், ஆனால் காய்ச்சல் வந்தாலோ பால் குடிக்காவிட்டாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் தூக்கி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை அந்தப் பால்தான் பேஜாராயிற்று. குழந்தை இரண்டு வாய் உறிஞ்சும், மூக்கடைத்து மூச்சு முட்டும், விட்டுவிட்டு வீறிட்டு அழும், அழுது ஓய்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். பால் கட்டிய வலியில் எழிலரசியும் சேர்ந்து அழுதாள். மூக்கில் எண்ணெய் விடு என்றார்கள் தெருக்காரர்கள், வாயால் ஊதிச் சளியை எடு என்றார்கள். தனகோடி எல்லோருக்கும் சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு எதையும் செய்யவில்லை. செய்வதற்குக் குழந்தையைத் தொடவேண்டுமே! சாம்பிராணியைத்தான் இன்னும் ஒரு பிடி கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஹெப்சி வந்தாள். எழிலரசியோடு படித்தவள், வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டு நர்ஸ். உள்ளே கால் வைத்தவள் இருமிக்கொண்டே போய் முதலில் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தப் புகை என்று கேட்டாள். ரெண்டு தடவை, இன்னிக்கு லீவுன்றதால மூணு என்றார் தனகோடி, பெருமையாகவே.

"அண்ணா, ஒங்க தோல் வாடையில யாருக்கும் சளி புடிக்காது. இந்தப் பொகதான் அவ மூக்க இன்னும் ஜாஸ்தியா அடைக்குது."

தனகோடியின் முகம் செத்துப்போயிற்று. மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நாமே அவள் மூச்சை அடைத்தோமே என்று சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். ஹெப்சி விடவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாங்க, போதும், என்று எழுப்பி, மருந்தை அவர் கையிலேயே கொடுத்தாள். பால் கொடுக்குமுன் மூக்குக்கு இரண்டு சொட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து வெளியே வருவதை மட்டும் மெல்லிய துணியால் ஒற்றியெடுக்கவேண்டும். தூங்கும்போது முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணவேண்டும். அறுபதைத் தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ ஆஸ்பத்திரிதான். தனகோடி எண்ணினார். நாற்பத்தெட்டு. நம்பாமல் மறுபடி எண்ணினார், ஐம்பது.

சொட்டு விடும்போது பார்க்கவேண்டுமே அவரை! ஒரு கையில் அந்தச் சின்னத் தலையைத் தாங்கி, மறு கையால் சொட்டுவார். தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்கிற விரல் அல்லவா, குழந்தை சிணுங்கக்கூட இல்லை. எழிலரசிக்கே பொறாமை.

ஆனாலும் திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்தபோது எழிலரசி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மத்தியானமே அரைகுறையாகத்தான் குடித்தாள், இப்போது வாயே வைக்கமாட்டேன் என்கிறாள் என்றாள். போனில் ஹெப்சி, ஆட்டோவுக்குச் சொல்லிவிடுங்கள், வருவதற்குள் சொட்டு விட்டு ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள், குடிக்கவில்லையென்றால் நேரே வேலூருக்குக் கிளம்புங்கள் என்றாள். தெருமுனை வாஹித் பாஷா ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். குளிக்க ஏது நேரம்? தனகோடி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார், கம்பெனி சட்டையோடேயே மகளைத் தூக்கினார்.

இரண்டு சொட்டு. காத்திருந்தார். வயிறு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தார். மறுபடி இரண்டு. குழந்தை முகத்தைச் சுருக்கி, ஆளுக்குப் பொருந்தாத பெரிய தும்மலாக ஒன்று போட்டாள். கெட்டிச் சளி அவர் மணிக்கட்டில் வந்து விழுந்தது. துடைத்துவிட்டு மகளை எழிலரசியிடம் கொடுத்தார். குழந்தை காம்பைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். விடவில்லை. மடக் மடக் என்று விழுங்குகிற சத்தம் தனகோடிக்குக் கேட்டது.

"குடிக்கிறாளாம்மா?" என்று வெளியிலிருந்து கேட்டார் வாஹித் பாஷா. எழிலரசி மகளின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினாள். தனகோடிதான் போய், நாளைக்குக் காலையில் டாக்டரிடம் இன்னொரு தடவை காட்டிவிடலாம், இப்போது வேண்டாம் பாய் என்று சொல்லிவிட்டு வந்தார்.

பால் குடித்து முடித்தவளை ஏப்பம் விடத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவினார். ஏப்பம் வந்தது. கம்பெனி சட்டைக் காலரில் மூக்கைப் புதைத்துக்கொண்டு, வாயை மூடி, மூக்காலேயே மூச்சு விட்டுத் தூங்கிப்போனாள். நீங்கள் போய்க் குளித்துவிட்டு வாருங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்று எழிலரசி கையை நீட்டினாள். தனகோடி தோளை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.