ஈரக் கட்டு

கம்பியை வெட்டியதும் அட்டைக்கட்டு வாயைப் பிளந்தது. நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. குப்பை பிரிக்கும் ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அவளும் பொத்தினாள், மற்றவர்களுக்கு ஒரு கணம் முன்னதாகவே.

நசுங்கிய அட்டைகளுக்கு நடுவே, தாளில் சுற்றிய டயப்பர்கள். ஊறி உப்பி, அமுக்கு மிஷினில் அளவு தெரியாமல் தட்டையாகிக் கிடந்தன.

"இதுக்குத்தான் கப்பல்காரன் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிட்டான்," என்றார் மேஸ்திரி. "அக்கரையில ஒரு கட்டுல கம்பியை உள்ள விட்டுப் பாத்தானாம். ஈரம். அவ்வளவுதான். ஏ கழுகு, வந்து பாரு. யார் வீட்டுச் சரக்கு?"

கழுகு என்பது ஷெட்டில் அவளுக்கு விழுந்த பெயர். மூடியைப் பார்த்தே எந்த பாட்டில் எந்தச் சாக்குக்குப் போகும் என்று சொல்லிவிடுவாள். கழுகு குனிந்து பார்த்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது.

அவை அவள் மாமனாருடையவை. படுத்த படுக்கையாக இருக்கிறார். டயப்பரெல்லாம் தீவின் மேட்டில் உள்ள குழிக்குப் போக வேண்டும். குழி வண்டி வாரம் ஒருமுறைதான் வரும். ஒற்றை அறையில் சோறும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில். ஒருநாள் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கட்டின் நடுவே சொருகினாள். ஓரத்தைத்தான் சோதிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

"கைக்குழந்தை இருக்கிற வீடா இருக்கும்," என்று அவள் வாய் சொன்னது.

"இது கடைத்தெரு அட்டை. அங்க கைக்குழந்தை தையக்காரி வீட்லதான இருக்கு!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"அப்ப ஒரு மாசம் அவ வாசல்ல குப்பை வண்டி நிக்காது," என்றார் மேஸ்திரி.

சாயங்காலம் தையல்காரி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கழுகின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, இவனுக்கு நான் டயப்பரே போட்டதில்ல. வெட்டுத்துணி இவ்வளவு கிடக்கு, காசு குடுத்து வாங்க எனக்கென்ன கிறுக்கா? இந்தா, நீங்களே பாருங்க!" பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். பூப்போட்ட ஜாக்கெட் துணியில் கோவணம். "குப்பை ஒரு மாசம் உள்ளேயே கிடந்தா, தைக்கக் குடுக்க எவ வருவா? நீங்க சொன்னா மேஸ்திரி கேப்பாரு."

"சொல்றேன், போ."

உள்ளே மாமனார் இருமினார். தையல்காரி எட்டிப் பார்த்து, "எப்படிக்கா சமாளிக்கிறீங்க? உங்களுக்குக் கோயில்தான் கட்டணும்," என்றாள். அதைக் கேட்டபின் சோறு இறங்கவில்லை. பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு மேஸ்திரி வீட்டுக்கு நடந்தாள்.

அவர் தின்பண்டம் ஏதோ கொறித்துக்கொண்டிருந்தார்.

"தையக்காரி இல்லண்ணே. அது எங்க மாமனாரோடது. நான்தான் வச்சேன்."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அவ வந்து அழுதாளாக்கும்? ஊரான் பழிய உன் தலையில ஏத்திக்கிறியே. யாராச்சும் ஈர அட்டையைக் கட்டுல வச்சாலே திட்டுறவ நீ. நீ வச்சேன்னா குழந்தைகூட நம்பாது. போம்மா, போய்த் தூங்கு."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துப் போய், மாமனாரின் கட்டிலுக்கடியில் இருந்த டயப்பர் பெட்டியைக் காட்டியிருக்கலாம். "சரிண்ணே," என்றாள். திரும்பி நடக்கும்போது நெஞ்சில் ஏதோ லேசானது. அப்படி லேசானதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை குப்பை வண்டி கடைத்தெருவுக்கு வந்தது. தையல்காரி வீட்டு வாசலில் வண்டி நிற்கவில்லை. கழுகின் வீட்டு வாசலில் நின்றது, பையை எடுத்துக்கொண்டது. ஷெட்டில் மீதிக் கட்டுகளைப் பிரித்தார்கள். ஈர அட்டையைக் குழிக்கு அனுப்பினார்கள், காய்ந்ததை மறுபடி கட்டினார்கள். மதியம் மழை தூறியது. கப்பல் வரவில்லை.