மோத்தி கேஸ்: நோட்டில் மூன்று ‘அட்டாக்’

செம்பூரில் ஒரு மாட்டு டாக்டரிடம் நான் டிரெஸ்ஸராகச் சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அறுபதுகளின் நடுவில் நடந்தது. டாக்டருக்கு வீடு மாதுங்காவில். பகலெல்லாம் தபேலா என்கிற எருமைத் தொழுவங்களில் சுற்றிவிட்டுச் சாயங்காலம்தான் கிளினிக்குக்கு வருவார். அதுவரை கட்டுப் போடுவது, மருந்து கலக்குவது, கூண்டு கழுவுவது எல்லாம் நான்தான். நாயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது கடிக்கும் என்பது மட்டும்.

தாராவியில் வெல்லக் கோடவுன் வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி ஒரு நாள் டாக்ஸியில் வந்து இறங்கினார். ஒரு கையில் சங்கிலியோடு மோத்தி. கோடவுனுக்கும் அதை ஒட்டிய வீட்டுக்கும் காவல் கிடக்கும் பெரிய நாய். இன்னொரு கையில், புதிதாக வந்த ஒரு குட்டி.

“மோத்திக்குக் கோட்டி புடிச்சிட்டு டாக்டர். குட்டியக் கீழ போட்டுக் கொதறுது. வீட்டுல என் பேத்தி தவழுதா. நாளைக்கு அவ களுத்தப் புடிச்சா நான் என்ன செய்ய? ஊசியப் போட்டு முடிச்சு விட்டுருங்க” என்றார். சொல்லும்போதே அவர் கை மோத்தியின் காதைத் தடவிக்கொண்டிருந்தது.

டாக்டர் மோத்தியின் வாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் வைத்துப் பார்த்தார். “வெறியெல்லாம் ஒண்ணும் இல்லை. மூணு நாள் ரெண்டையும் இங்க விட்டுட்டுப் போங்கோ. இவன் கூடவே இருந்து பாத்து எழுதி வெப்பான். அப்புறம் முடிவு பண்ணலாம்” என்றார். ஒரு நாயின் உயிரை என் நோட்டில் வைத்துவிட்டுப் போனார்கள்.

முதல் நாள் கொல்லையில் இரண்டையும் அவிழ்த்துவிட்டேன். மோத்தி குட்டியை மல்லாக்கத் தள்ளி, கழுத்தை வாயில் கவ்வி உறுமியது. நான் துடைப்பத்தோடு பாய்ந்தேன். தப்பித்த குட்டி ஓடியிருக்க வேண்டாமா? திரும்பி வந்து மோத்தியின் காதைப் பிடித்துத் தொங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோட்டில் ‘அட்டாக்’ என்று எழுதினேன்.

மறுநாள் மோத்தி முன்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. வயிற்றுவலி என்று நினைத்து ஓம வாட்டர் ஊற்றினேன். அதைத் துப்பிவிட்டு மறுபடி அதே மாதிரி நின்றது. குட்டி ஓடிவந்து மேலே விழுந்தது, மறுபடி உறுமல், மறுபடி ‘அட்டாக்’.

மூன்றாம் நாள் குட்டியின் தலை மொத்தமும் மோத்தியின் வாய்க்குள் இருந்தது. பதறிப்போய்க் குட்டியின் பின்னங்காலைப் பிடித்து இழுத்தேன். அது வீறிட்டது. கீழே விட்டதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. மூன்றாவது ‘அட்டாக்’கை எழுதி மூடினேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்ததும் கண்ணில் பட்டது அந்தக் கால்தான். “பாத்தியளா டாக்டர்? காலயும் ஒடிச்சிட்டு.” டாக்டர் நோட்டைப் புரட்டினார். மூன்று பக்கம், மூன்று ‘அட்டாக்’. “சிரிஞ்சைக் கொதிக்க வெய்டா” என்றார்.

சாகப்போகிற நாய்க்குக் கொதிக்க வைத்த சிரிஞ்ச் எதற்கு என்று தோன்றவில்லை. பழக்கம். தண்ணீர் கொதிக்கும்வரை குட்டியின் காலைத் தடவித் தடவிப் பார்த்தேன். வீக்கம் இருந்தது. ஒரு பல் தடம்கூட இல்லை. டாக்டர் வந்து பார்த்தால் அவருக்கும் தெரிந்துவிடும். குட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

“சார், கால் போனது என்னாலே. நான்தான் புடிச்சு இழுத்தேன்.”

டாக்டர் குட்டியின் காலை வெளிச்சத்தில் பார்த்தார். என்னையும் பார்த்தார். “மோத்தியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. குட்டியைத் தூர விடு. பயமிருந்தா அது கிட்ட வராது.”

விட்டோம். குட்டி மூன்று காலில் நொண்டி நொண்டி நேராக மோத்தியிடம் வந்தது. சங்கிலியைத் தளர்த்தச் சொன்னார் டாக்டர். மோத்தி அந்தப் பெரிய உடம்பைத் தரையில் சாய்த்துப் படுத்துக்கொண்டது. குட்டி அதன் தாடையைக் கடித்தது. மோத்தி உறுமியது. மூன்று நாளாக நான் கேட்ட அதே உறுமல்தான்.

“வெளையாட்டா இது?” என்று அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. “ஏல, சிரிஞ்சு கொதிச்சு முடிச்ச பொறவு சொல்லுத. நான் பாட்டுக்குக் கொன்னுருப்பேன்ல.”

டாக்டர் நோட்டை என் முன்னால் போட்டார். “நடந்ததை எழுதச் சொன்னேனா, தீர்ப்பு எழுதச் சொன்னேனா? குட்டி திரும்பி வந்துதா இல்லையா, அதை எங்கடா எழுதியிருக்கே?”

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் நானும் சொல்வேன். பெரியதைப் பிடித்துக்கொள்ளுங்கள், சின்னதை விட்டுப் பாருங்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அப்படியும் உறுமலை வைத்து எது சண்டை, எது விளையாட்டு என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

உண்மையைச் சொன்னதற்காக அண்ணாச்சி பிறகு ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தார். எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் காலில் தற்செயலாக ஒரே ஒரு பல் தடம் இருந்திருந்தால், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.