ஆயில் காட்டிக்கொடுத்த கிலோமீட்டர்

ஆதிகேசவன் பொய் சொல்வாரா என்று சத்துவாச்சாரியில் யாரைக் கேட்டாலும், மாட்டவே மாட்டார் என்று அடித்துச் சொல்வார்கள். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலை லேபில் முப்பது வருஷம் சாம்பிள் பார்த்தவர். "ஆள் பொய் சொல்வான், சாம்பிள் சொல்லாதுப்பா" என்று சூப்பர்வைசர்களையே வாயடைக்க வைத்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் இரண்டு வருஷமாக வாஹித் பாஷாவிடம் கூசாமல் புளுகிக்கொண்டிருந்தார்.

பாஷா இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆதிகேசவன் தன் பழைய டீசல் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்.

"வாராவாரம் ஓசூர்ல மக வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன். ஐயாயிரம் கிட்ட ஓடிடுச்சு. ஆயிலை மாத்திடு."

மீட்டர் கேபிள் அறுந்து கிடந்ததால் அவர் சொன்னதுதான் கிலோமீட்டர். ஆயில் வடிகிற வரைக்கும் டீ, பேச்சு. மனைவி போன பிறகு அவரோடு உட்கார்ந்து பேச வேறு நாதியில்லை. மகள் மேகலா தானே பார்த்துச் செய்துகொண்ட கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அதற்கப்புறம் அவளும் கூப்பிடவில்லை. கல்யாணப் பத்திரிகையில் இருந்த ஓசூர் முகவரி மட்டும் மனப்பாடம். கார் எங்கேயும் போவதில்லை; தினமும் வாசலிலேயே பத்து நிமிஷம் உறுமவிட்டு அணைத்துவிடுவார்.

இந்த முறை பாஷா ஆயில் மூடியைத் திறந்தால், உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது.

"ஐயய்யோ, ஆயில்ல தண்ணி சார். இஞ்சினைப் பிரிக்கணும் போல."

ஆதிகேசவனுக்குள் இருந்த லேப்காரர் துள்ளி எழுந்தார். "குருட்டாம்போக்குல பிரிக்காதே! சாம்பிள் எடுத்து சென்னை லேபுக்கு அனுப்பு." தானே பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டினார். பாவம், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் பாஷாவின் போனுக்கு வந்தது.

"ரேடியேட்டர் தண்ணி கலக்கல. இரும்புத் தூள் இல்ல. கரிகூட ரொம்பக் கம்மி..." பாஷாவின் குரல் இறங்கியது. "சூடேறாமயே அணைச்சு அணைச்சு உள்ள கோத்துக்கிட்ட தண்ணி சார். இது நூறு கிலோமீட்டர்கூட ஓடாத ஆயில்."

ஆதிகேசவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓசூருக்கு பஸ்ல போறீங்களா சார்?" என்று பாஷாவே தப்பிக்க ஒரு வழி விட்டார்.

"போறதே இல்ல பாஷா. இங்க வந்து உக்கார ஒரு சாக்கு வேணும்ல."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் ஆயில்? சும்மாவே வாங்க. நாளைக்கு ஹைவேல ஒரு மணி நேரம் ஓட்டுங்க. தண்ணி ஆவியாப் போய்டும்."

மறுநாள் காலை வாணியம்பாடி தாண்டி ஓரங்கட்டி, பாஷாவுக்குப் போன் போட்டார்.

"நல்லா சூடேறிடுச்சு. திரும்பறேன்."

"சூடேறின வண்டியை ஏன் சார் திருப்புறீங்க? அதே ரோடுதான், ஓசூர் போவுது."

"வண்டி போய்டும் பாஷா. அவ கதவைத் திறக்கணுமே."

போனை வைத்த பிறகும் அவர் வண்டியைத் திருப்பவில்லை. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.