குழாயடியில் பெரிய மாஸ்டர்

வெள்ளை எனாமல் கோப்பை ஒன்று. விளிம்பில் நீலக் கோடு. பிடிக்குப் பக்கத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்த ஒரு பொட்டு. பனி இறங்கிய காலைகளில் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் திரும்பினால் எனக்கு முதலில் தெரிவது அந்தக் கோப்பையிலிருந்து எழும் ஆவிதான். பிறகுதான் அதைப் பிடித்திருக்கும் பெரிய மாஸ்டர் தெரிவார். தலைமை ஆசிரியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். யாழ்ப்பாணத்து மனிதர். தேநீரில் சீனி போடமாட்டார். பனங்கட்டியில் ஒரு கடி, கோப்பையில் ஒரு மிடறு. "தேயிலை மலையில இருந்துக்கிட்டு டீ குடிக்கத் தெரியலையே இந்த மனுசனுக்கு" என்று என் அம்மா சிரிப்பாள்.

அவர் அங்கே வந்து நின்றதற்குக் காரணம் இருந்தது. எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, திம்புள்ளப் பக்கத்து ஒரு தோட்டத்தில் இருந்தது. அங்கிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி வருவதால் முழங்கால்வரை செம்மண் அப்பியிருக்கும். மழைக்குத் தலையில் மடித்துப் போட்ட சாக்கு. கால் கழுவாமல் வகுப்புக்குள் ஏறக்கூடாது என்பது பெரிய மாஸ்டர் போட்ட சட்டம். சுத்தம் நல்லதுதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் குழாய் இருந்தது கட்டிடத்துக்குப் பின்னால், எந்த ஜன்னலுக்கும் தெரியாத மூலையில். டவுன் பையன்களின் காலில் மண்ணே இருக்காது. எங்களுக்காகவே அங்கே காத்து நிற்பார்கள். "ஏ தோட்டக்காடு, நல்லாத் தேய்ச்சுக் கழுவு" என்பார்கள். சாக்கைப் பறித்துச் சேற்றில் போட்டு மிதிப்பார்கள். மத்தியானத்துக்குக் கொண்டுவந்த ரொட்டியை நனைத்துத் தருவார்கள். மளிகைக் கடை முதலாளியின் மகன்தான் அவர்களுக்குத் தலைவன். ஒருநாள் அவன் தள்ளியதில் குழாயின் பித்தளை வாயில் இடித்து என் நெற்றி கிழிந்தது.

ரத்தத்தைக் கண்டதும் பெரிய மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி, அவனை நடுவில் நிறுத்திப் பிரம்பால் விளாசினார். பொய் சொல்வானேன், எனக்கு அன்று வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி மறுநாள் காலைவரைக்கும்தான். "சொல்லியா குடுக்கிற?" என்று அவனும் இன்னும் இரண்டு பேருமாக என் தலையைக் குழாய்க்கு அடியில் அமுக்கிப் பிடித்தார்கள். மலைத் தண்ணீர். மூச்சு முட்டியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஈரத் தலையோடு வீட்டுக்கு ஓடி வந்தவள், இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டேன். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். கடைசியில், "அப்ப அடுத்த மாசம் பேர் பதிஞ்சிருவோம், கூடையைத் தூக்கு" என்றாள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தால் அப்புறம் ஆயுசுக்கும் கொழுந்துக் கூடைதான். சொன்னவளே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மாஸ்டர் எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். வேட்டியெல்லாம் சேறு. வாசல் பலகையில் உட்கார்ந்து, "நான்தானே அவனுக்கு நல்ல அடி போட்டனான். பிறகேன் பிள்ளை வரேல்லை?" என்று கேட்டார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

என் அம்மா பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதவள். அன்று அவளுக்கு என்ன வந்ததோ தெரியாது.

"நீங்க அடிச்சதுனாலதாங்க இது வந்துச்சு. நீங்க குடுத்ததை அவன் வட்டியோட எம்புள்ளைக்குக் குடுத்துட்டான். நாங்க வேலை செய்யிற மலையில கங்காணி நிக்கிறாரு, அவருக்கு மேல கண்டாக்கையா நிக்கிறாரு, சமயத்துல தொரையே வந்து நிக்கிறாரு. ஒரு கொழுந்து கீழ விழுந்தா கேக்க ஆளிருக்குங்க. எலைக்கு இத்தனை பேரு காவலு. புள்ளைங்க கால் கழுவுற எடத்துல ஒருத்தருமில்லியேங்க."

அம்மா கொடுத்த பால் சேராத வெறுஞ்சாயத்தை அவர் மெல்ல மெல்லக் குடித்து முடித்தார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, "நாளைக்குப் பிள்ளையை அனுப்புங்கோ. நான் நிக்கிறன்" என்றார்.

நின்றார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மறுநாள் மணியடிக்க வெகுநேரம் முன்னமே குழாயடியில் கோப்பையோடு நின்றார். அடைமழையில் குடையோடு நின்றார். நான் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரை நின்றார். கையில் பிரம்பு இல்லை, வாயில் புத்திமதி இல்லை. நாங்கள் கழுவுவோம், அவர் குடிப்பார். முதலாளி மகன் பழக்க தோஷத்தில் சில நாள் அங்கே வந்தான். வந்தவனுக்குச் செய்ய வேலை இல்லை. "என்ன தம்பி, உனக்கும் கால் கழுவ வேணுமோ?" என்று கேட்டு, பனங்கட்டியில் பாதியை உடைத்து அவனிடம் நீட்டினார். அவன் விழித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. இப்போது அந்தக் கடையில் அவன்தான் இருக்கிறான். என்னைக் கண்டால் "வாங்க டீச்சர்" என்கிறான். பழைய கதையை அவனும் எடுப்பதில்லை, நானும் மறக்கவில்லை.

ஆமாம், கூடையைத் தூக்க இருந்தவள் டீச்சராகிவிட்டேன். நோர்வூட் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். போன மாதம் இரண்டாம் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தி சட்டை கிழிந்து, தேம்பிக்கொண்டு வந்து, இனி வரமாட்டேன் என்றாள். கை பிரம்பைத் தேடியது. எடுக்கவில்லை. யார் அடித்தது என்றுகூட முதலில் கேட்கவில்லை. "எந்த எடத்துல கண்ணு?" என்றேன். தாடையால் காட்டினாள். சமையலறைக்குப் பின்னாலிருக்கும் விறகுக் கொட்டகை.

"நாளைக்கு வா. நான் நிக்கிறேன்."

இப்போது இடைவேளை மணி அடித்தால் என் கோப்பையோடு அங்கே போய்விடுகிறேன். "விறகுக் கொட்டகையில அப்படி என்ன காத்து வருது டீச்சர்?" என்று மற்ற ஆசிரியர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். முதல்நாள் அந்தப் பெண் சுவர் மூலையிலிருந்து மெதுவாக எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள். பிறகு என்னைக் கடந்து ஒரே ஓட்டமாக விளையாடப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் டீ ஆறிப் போயிருந்தது. நின்றுகொண்டே குடித்தேன்.