எங்கள் தெரு முளைப்பாரி கருகிய வருஷம்

சௌந்தரம் சார் இறந்துவிட்டார். விளாங்குடியில், மகள் வீட்டில். காலையில் என் சிநேகிதி பஞ்சு போன் செய்து சொன்னாள்.

கேட்டதும் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. எண்பதுகளில், பதினாறு வயதில் வந்த அதே பயம்.

நான் இங்கே முகநூலில் அதிகம் எழுதுவதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்போது நாங்கள் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். ஊருக்கு மேற்கே நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்று வந்தது. இடம் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரருடையது, முதல் போட்டவர் மதுரை டவுன் வியாபாரி. இரண்டு பேரும் பார்ட்னர். சௌந்தரம் சார் மேனேஜர்.

எங்கள் கிழக்குத் தெருவில் வீடு வீடாக வந்து, வீட்டுக்கு ஒரு பெண்ணை வேலைக்குக் கேட்டவர் அவர்தான். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் எங்கள் தெருவை மட்டும் கேட்கிறார் என்று அன்று யோசிக்கத் தெரியவில்லை. பட்டறைக் கழிவுத் தண்ணீர் போகும் வாய்க்கால் எங்கள் தெருக் கிணற்றை ஒட்டித்தான் ஓடியது. வீட்டுக்கு ஒருத்தி சம்பளம் வாங்கினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்... அதுதான் பார்ட்னர்கள் போட்ட திட்டம். திருவிழாச் செலவில் பாதியையும் ஏற்றுக்கொண்டார்கள்.

திட்டம் பலித்தது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தபோதும் யாரும் வாய் திறக்கவில்லை.

சார் ரொம்பப் பயந்த மனிதர். டவுன் முதலாளியின் கார் சத்தம் கேட்டாலே வெற்றிலையைத் துப்பிவிட்டு, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொள்வார்.

பஞ்சு என் காதில் சொல்வாள்: "நம்மளயாச்சும் ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்து வெளிய அனுப்பிருவாக. இவரு எங்கிட்டுடீ போவாரு?"

நாங்கள் சிரிப்போம். எங்கள் கைகள் முழங்கை வரை நீலமாக இருக்கும். எம்புட்டுத் தேய்த்தாலும் போகாது.

அந்த வருஷம் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்சட்டிகளில் தானியம் விதைத்து, இருட்டு அறையில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். பயிர் செழித்தால் ஊரும் செழிக்கும் என்று நம்பிக்கை.

கதவைத் திறந்தபோது மேலத்தெருச் சட்டிகளில் பயிர் தளதளவென்று நின்றது. எங்கள் தெருச் சட்டிகளில் முளை லேசாகத் தலைகாட்டி, அப்படியே கருகிக் கிடந்தது.

எங்கள் சட்டிகளுக்கு எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரைத் தெளித்தது பட்டறைக்குப் போகிற பெண்பிள்ளைகள்தான். நானும்.

சாயக் கை பட்டால் ஆத்தா பொறுப்பாளா என்று கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டாள். அம்மா சட்டென்று என் கையைத் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மந்தைத் திடலில் ஊர் கூடியது. எங்களை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார்கள். இந்தப் பிள்ளைகள் இனிமேல் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்றார்கள். அப்படி ஒரு பேர் விழுந்துவிட்டால் எந்த ஊரிலிருந்தும் பெண் கேட்டு வர மாட்டார்கள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பண்ணைக்காரர் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். கையின் மேல் பழி விழுந்தால் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா...

பரிகாரச் செலவைப் பட்டறையே ஏற்கும் என்று சொல்லத்தான் சாரை வரவழைத்திருந்தார். சார் எழுந்தார். நான் தலை குனிந்து நின்றதால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்ததைத்தான் பார்த்தேன்.

"பிள்ளைக கையில ஒண்ணுமில்லங்கய்யா. தண்ணியிலதான் இருக்கு. எங்க பட்டறைத் தண்ணி."

அய்யாவு மாமாதான் ஊர்ப் பெரியவர். அவர் கேட்டார், "அப்பப் பட்டறைய மூடச் சொல்றீரா மேனேசரே?"

"மூடுனா இந்தப் பிள்ளைக சோத்துக்கு என்ன வழின்னு தெரியலய்யா. மூடாட்டி அந்தக் கிணத்துக்கு என்ன வழின்னும் தெரியல."

அவ்வளவுதான் சொன்னார். உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

கூட்டம் மெதுவாகப் பண்ணைக்காரர் பக்கம் திரும்பியது. எங்களை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. நாங்களாகவே கையை இறக்கிக்கொண்டோம். எனக்கு அப்போதுதான் பயம் அதிகமானது. வேலை போய்விட்டால் என்ன செய்வோம்? பஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

பட்டறை கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. பிறகு கழிவுத் தண்ணீருக்குத் தொட்டி கட்டித் திறந்தார்கள். எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சாரைக் கூப்பிடவில்லை.

நாங்கள் போனோம். போக வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு அப்புறம் ஒருமுறை விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். வழக்கம் போல ஒதுங்கி நின்றேன். அவராக வந்து, கிணற்றுத் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"இன்னும் கரிக்கிது சார்" என்றேன். அவரிடம் நான் முழுதாகப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான்.

அவர் என் பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றார்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். பஞ்சுவால் வர முடியாது. அந்த வீட்டில் எனக்கு யாரையும் தெரியாது. யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

சேலை மாற்றிவிட்டேன்.

வாரேன் சார்.